கடனும் பொலியும்

தமிழிலே கடன் என்னுஞ் சொல் இருபொருள் பயந்து நிற்கின்றது. ஒன்று, செய்தே தீரவேண்டிய கடமை. மற்றொன்று, பிறரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள். புறநானூற்றின் 312ஆம் பாட்டிலே பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோர்க்குரிய கடன்களை வகுத்துக் கூறுகின்றார். ஆங்குக் கடன் என்றது முழுவதுங் கடமையே. காசின் பேச்சு அங்கில்லை. காலைக்கடன், பிதிர்க்கடன் என இன்றும் வழங்குவன அப் பழைய பொருளின் வழிவந்தவை. ஆயின், இற்றைநாளில் ஒருவர் 'கடன்' என்று வாய்திறந்த மாத்திரத்தே நம் மனம் வங்கியை நினைக்கின்றதேயன்றிப் பிதிரரை நினைப்பதில்லை.

வட்டிக்கும் ஒரு பழஞ்சொல் உண்டு; அது பொலிசை. கோயிலில் விளக்கெரித்தற்கென வைத்த பொன்னிலும் காசிலும் வரும் ஆதாயத்தைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் அப் பெயராற் குறிக்கும். பொலிதலாவது பெருகுதல். எமது கிழக்குக்கரை உழவர், சூடு மிதித்துத் தூற்றிய நெற்குவியலைப் பொலி என்பர். எனவே வட்டியும் பொலி, நெல்லும் பொலி. நெல்லின் பொலி உழுதவன் களத்திற் குவிகின்றது. வட்டியின் பொலி கடன் கொடுத்தவன் களத்திற் குவிகின்றது. இவ் விரண்டாவது பொலி எவ்வாறு குவிகின்றது, கடன் வாங்கிய இளங்குடும்பம் ஒன்று அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பதே இக் கட்டுரையிற் கூறப்புகுந்தது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று எம் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். எம்மிடந் தமிழ் கற்ற இருவர் கணக்கோடு எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தமையால் நேர்ந்த வேலை இது.

அவ் விருவருள் ஒருவர் காரைதீவினர். கல்முனைப் பக்கத்து நெல்லாலை ஒன்றிற் கணக்கப்பிள்ளையாக உள்ளவர். மற்றவர் மருதமுனை இசுலாமிய நண்பர். கைத்தறி நெசவுக் குடும்பத்திற் பிறந்தவர். பெயர் வேண்டுவதில்லை, கணக்கப்பிள்ளை என்றும் நெசவாளர் என்றுமே இங்குக் குறிப்போம். இருவரும் 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சொந்தவீடு கொண்டவர்கள்.

இக் கரையிலே வீடு கொள்ளுதல் பிறவூரில் வீடு கொள்ளுதல் போன்றதன்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலுக்கும் வயலுக்குமிடையே ஒரு நாடாப்போல ஊர்கள் ஒட்டிக்கிடக்கின்றன. கிழக்கே போனாற் கடல். மேற்கே போனால் வயல். காணி நெருக்கமும் விலையும் சொல்லத்தரமன்று. அன்றியும், தமிழர்க்கும் முசிலிம்களுக்கும் பொதுவாய் இங்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்குரியது, மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளை பிறந்தவுடனேயே தகப்பன் அத்திவாரக் கல்லை எண்ணத் தொடங்குகின்றான். 2004 திசெம்பர் 26இல் வந்த கடற்கோள் அவ்வாறு கட்டிய வீடுகள் பலவற்றை ஒரு காலைப்பொழுதில் துடைத்துச் சென்றது. அடுத்து, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாதென ஒரு விதி வந்து, பின்னர்த் தளர்ந்தது. நெசவாளரின் மனைவிக்கென்று அவர் வாப்பா கட்டிய வீடும் அன்று போயிற்று. கணக்கப்பிள்ளைக்கோ மாமனார் காணியைக் கொடுத்தார். வீட்டை நீங்களே கட்டுங்கள் என்றார்.

கணக்கப்பிள்ளை வாங்கிய கடன் 30 இலட்சம் ரூபா. தவணைக்காலம் 20 ஆண்டு. வட்டி நூற்றுக்கு 12 எனக் கொள்வோம்; கற்போர்க்கு எளிதாதற்பொருட்டு எண்களைச் சிறிது நேர்படுத்தியிருக்கின்றோம். மாதத் தவணை 33,033 ரூபா. காணியும் வீடும் ஈடு.

2019 தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலை அவர் வங்கிக் கூற்றை எடுத்துக்கொண்டு வந்தார். "சேர், ஒரு வருஷம் முழுக்கக் கட்டியிருக்கிறேன். முதல் அசையவேயில்லை. எங்கேயோ பிழை நடந்திருக்கிறது" என்றார். வாங்கிப் பார்த்தோம். பன்னிரண்டு தவணையாக அவர் செலுத்தியது ஏறக்குறைய 396,390 ரூபா. முதலிற் குறைந்ததோ 38,460 ரூபா மாத்திரமே! எமக்கும் பிழையென்றே தோன்றிற்று. எமது நண்பரான கணித ஆசிரியரிடங் கொண்டுசென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்து, பிழை ஒன்றுமில்லை என்றார்.

அவர் விளக்கியது இது. முதன்மாதம் நிலுவை 30 இலட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 30,000 ரூபா. தவணையாகிய 33,033இல் வட்டி போக எஞ்சிய 3,033 ரூபாவே முதலைச் சேரும். மறுமாதம் நிலுவை சிறிது குறைய வட்டியுஞ் சிறிது குறையும். முதலைச் சேரும் பங்கு 30 ரூபா கூடும். இவ்வாறு எறும்பூர்வதுபோல நகர்ந்து, பதினைந்து ஆண்டு கழியும்போதுதான் முதலிற் பாதி தீர்கின்றது. மற்றப் பாதி இறுதி ஐந்தாண்டில் விரைந்து தீரும். இருபதாண்டு முடிவிற் செலுத்திய தொகையெல்லாங் கூட்டினால் 79 இலட்சத்து 28 ஆயிரம். அதில் வட்டி மாத்திரம் 49 இலட்சத்து 28 ஆயிரம்.

இங்கே சிறிது நின்று ஒரு பழைய விதியை நோக்குவது பயனுடைத்து. வட்டி முதலை மிஞ்சலாகாது என்பது மனுநூலிலும் உண்டு. ஒல்லாந்தர் இந் நாட்டுக்குக் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டத்திலும் உண்டு. வெவ்வேறு கண்டத்து அறிஞர் ஒரே எல்லையில் வந்து கோடு கிழித்தமை வியப்பன்றோ? அங்ஙனமாயின், 30 இலட்சத்துக்கு 49 இலட்சம் வட்டி வந்தது எங்ஙனம்? அவ் விதிகள் தடுத்தது செலுத்தப்படாது குவிந்து கிடக்கும் வட்டியை. மாதந்தோறுஞ் செலுத்தப்படும் வட்டி குவிவதில்லை. ஆதலின் அது அக் கோட்டைத் தொடுவதேயில்லை. சிறுகச் சிறுகப் போவதைக் கண் காண்பதில்லை, சட்டமுங் காண்பதில்லை.

ஆங்கிலத்தில் ஈட்டைக் குறிக்கும் 'மோர்ட்கேஜ்' என்னுஞ் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சு மொழியிற் செத்த ஈடு என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டிலே எட்வர்ட் கோக் என்னும் ஆங்கிலச் சட்டவறிஞர் இதற்கு ஒரு நயங் கூறினார்: கடன் தீராவிடின் நிலம் கொண்டவனுக்குச் செத்தது; தீர்ந்துவிடின் ஈடு கொடுத்தவனுக்குச் செத்தது என்று. யாழ்ப்பாணத் தேசவழமையிற் காணும் ஒற்றி வேறுவகை. அதிற் கடன் கொடுத்தவர் காணியைத் தாமே வைத்திருந்து வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிப்பர். எத்தனை விளைவு உண்டாலும் முதல் ஒரு சதமுங் குறையாது. ஒற்றியோடு ஒப்பிட்டால் இக்காலத் தவணைமுறை நன்றே. அதில் முதல் குறைகின்றது. மெல்லக் குறைகின்றது என்பதே குறை.

மெல்லக் குறைவதை விரைவாக்கும் வழி தவணைக்குமேற் செலுத்துதல். மேலதிகமாகச் செலுத்தும் ரூபாவிலே வட்டிக்குப் பங்கில்லை. மாத வட்டி முன்னரே கழிந்துவிட்டமையால் அது முழுதும் முதலைச் சென்று தாக்கும். கணித ஆசிரியர் இரண்டு கணக்குச் செய்து காட்டினார். அன்று எஞ்சிய தவணை 228. கணக்கப்பிள்ளை மாதந்தோறும் 3,000 ரூபா கூட்டிச் செலுத்தினால் 174 மாதத்திற் கடன் தீரும்; அஃதாவது நாலரை ஆண்டு குறையும். கூட்டிக் கொடுப்பது ஏறத்தாழ 5 இலட்சத்து 20 ஆயிரம். மிஞ்சும் வட்டி 12 இலட்சத்து 80 ஆயிரம். அவ்வாறன்றி, அப்போதே ஓர் இலட்சத்தை ஒருமுறை மாத்திரம் முதலிற் கட்டிவிட்டு வழமைபோலத் தவணை செலுத்திவந்தால் கடைசியில் 25 தவணைகள் இல்லாதொழியும். அதே ஓர் இலட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டிற் கட்டினால் அப் பயனிற் சிறுபங்கே கிட்டும். முற்பட்ட ரூபாவுக்கே ஆற்றல் மிகுதி. வரம்பு உடையுமுன் வைத்த மண்வெட்டி மண்ணுக்கும் உடைந்தபின் கொட்டிய வண்டி மண்ணுக்கும் உள்ள வேறுபாடு எம் உழவர்க்குத் தெரியாததா?

கணக்கப்பிள்ளை அன்றே முடிவு செய்தார். மேலதிக வேலைக்கூலியும், மனைவி தையல் இயந்திரத்திற் சம்பாதித்ததும் சேர்ந்து மாதம் 3,000 ரூபா ஒழுங்காகச் சென்றது. 2021 முடிவில் அவர் நிலுவை 26 இலட்சத்து 85 ஆயிரம். கூட்டிக் கட்டாதிருந்தால் அது 28 இலட்சத்து 14 ஆயிரமாய் இருந்திருக்கும். யாமும் பெருமிதங் கொண்டோம்.

அப் பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட, அவ்வாண்டுப் பெரும்போகத்தில் விளைவு குன்றிற்று. நெல்லாலையில் நெல் குறைந்தது. மேலதிக வேலையும் நின்றது. 2022 ஏப்பிரல் 8இல் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை 7.5இலிருந்து 14.5ஆக ஒரே நாளில் உயர்த்திற்று. அவ்வாண்டு செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ அணுகிற்று. வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளர்க்குக் கொடுக்கும் கடனின் வீதமே 27ஐக் கடந்தது. மாறும் வீதத்திற் கடன் பெற்றிருந்தோர் கலங்கினர். கணக்கப்பிள்ளையின் வீதம் 18ஆக உயர்ந்தது. புதிய தவணை ஏறக்குறைய 42,700 ரூபா.

அப்போது எமது பிழை வெளிப்பட்டது. கூட்டிக் கட்டுக என்று சொன்ன யாம், கையில் மூன்று மாதச் செலவுக்கேனும் ஒரு தொகை வைத்துக்கொள்க என்று சொல்லவில்லை. முதலிற் கட்டிய பணம் வட்டியைக் குறைக்கும். ஆனால் அரிசி வாங்க அதனைத் திரும்ப எடுக்க இயலாது. வீட்டில் இருந்த ரூபாவெல்லாம் முதலுக்குள் சென்றுவிட்டது. அவர் மனைவியின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின. அச் செய்தியை அவர் எமக்குச் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வந்தபோது வெறுங்கையைக் கண்டே அறிந்தோம். கணக்கிற் பிழையில்லை, அறிவுரையிற் பிழையிருந்தது. இதனை மாணவர் குறித்துக்கொள்வாராக.

இனி நெசவாளரின் முறைக்கு வருவோம். இசுலாம் வட்டியை விலக்கியது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளுதல் பற்றியது என்பதும், இறந்தவர் சொத்தைப் பங்கிடுமுன் அவர் கடனைத் தீர்க்கவேண்டுமென்பதும் அம் மார்க்கம் கடனை எத்துணைக் கனமாகக் கருதுகின்றது என்பதைக் காட்டும். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின்னர் வட்டியில்லா முறைக்கு இந் நாட்டில் இடம் உண்டாயிற்று. முழுவதும் அம் முறையிலேயே இயங்கும் அமானா வங்கி 2011இல் தொழிற்படத் தொடங்கிற்று. வீட்டுக்கு அவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று குறைந்துசெல்லும் கூட்டுடைமை, அறபு வழக்கில் முசாறக்கா. வீட்டை வங்கியும் வாடிக்கையாளருங் கூட்டாக வாங்குவர். வங்கியின் பங்கு பல அலகுகளாகப் பிரிக்கப்படும். வாடிக்கையாளர் அலகு அலகாக அதனை வாங்கிக்கொண்டு, வங்கியிடம் எஞ்சிய அலகுகளுக்கு வாடகை செலுத்துவார். கடைசி அலகும் வாங்கப்பட்ட நாளில் வீடு முழுவதும் அவருடையது.

ஒப்பிடும்பொருட்டு ஒரு கணக்குச் செய்தோம். வங்கியின் பங்கு 30 இலட்சம், அலகு 240, ஒவ்வோர் அலகும் 12,500 ரூபா, வாடகை மாதம் நூற்றுக்கு 1. முதன்மாதம் அலகுக்கு 12,500, வாடகைக்கு 30,000, ஆக 42,500 ரூபா. பின் மாதந்தோறும் வாடகையில் 125 ரூபா குறைந்துவரும். இருபதாண்டில் வாடகை முழுவதுங் கூட்டினால் 36 இலட்சத்து 15 ஆயிரம். முன்னைய கணக்கின் 49 இலட்சத்தோடு இதனை ஒப்பிட்டவுடன் கணக்கப்பிள்ளை, "அப்படியென்றால் நானும் அங்கேயே போயிருக்கலாம்" என்றார். நெசவாளர் தலையசைத்து, "இல்லை மச்சான், நான் தொடக்கத்திலேயே மாதம் ஒன்பதாயிரம் கூடக் கட்டினேன். அதுதான் வித்தியாசம்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மார்க்க நெறியில் இரு முறைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதனை ஆராய்தற்கு யாம் தகுதியுடையோமல்லேம். தொகை குறைந்ததோ, முதலைத் தொடக்கமுதலே சமபங்காகத் தீர்த்தமையாலாயது. வீதம் உயர்ந்த காலத்தில் அவர் வாடகையும் மீளாய்வில் உயரவே செய்தது.

மற்றொன்றும் அவரிடங் கற்றோம். நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் முன்னிட்டுச் சாரம் நன்கு விற்கும் மாதங்களில் அவர் ஓர் அலகு கூட வாங்குவார்; விற்பனை மந்தமான மாதத்தில் வாங்கமாட்டார். நூற்கட்டு வாங்கவென்று ஒரு தொகையை எப்போதும் புறம்பாக வைத்திருப்பார். அது அலகுக்குப் போகாது. அறுவடைக்கு அறுவடை வருமானம் பெறும் எம் உழவர்க்கும் பொருந்தும் முறை இதுவே. பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று என ஆண்டுக்கு இருமுறை பொலி வருவோர், மாதந்தோறும் கூட்டிக் கட்ட முயன்று இடர்ப்படவேண்டியதில்லை.

2023 யூன் முதல் மத்திய வங்கி வீதங்களைப் படிப்படியாகக் குறைத்தது. 2024 தொடக்கத்திற் கணக்கப்பிள்ளையின் வீதம் மீண்டும் 12க்கு வந்தது. நிலுவை 26 இலட்சத்து 15 ஆயிரம். இரண்டாண்டு 42,700 வீதங் கட்டியும் முதலிற் குறைந்தது 70,000 மாத்திரமே. எஞ்சிய 14 ஆண்டுக்கு மாதத் தவணை 32,200ஆகக் குறையுமென வங்கி எழுதிற்று. அக் கடிதத்தோடு கணவனும் மனைவியும் வந்தனர். பத்தாயிரம் ரூபா மிச்சம் என்ற மகிழ்ச்சி அவர் முகத்திற் தெரிந்தது. மனைவி சொன்னது வேறு: "சேர், இரண்டு வருஷம் 42,700 கட்டிச் சீவித்துவிட்டோம். இப்போது ஏன் குறைக்கவேண்டும்?"

இவ் வினாவைக் கணித ஆசிரியரிடங் கொண்டுசென்றபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். 12 வீதத்தில் 42,700 ரூபாவையே தொடர்ந்து கட்டினால் 96 மாதத்தில், அஃதாவது எட்டே ஆண்டிற் கடன் முடிந்துவிடும். பதினான்கு எங்கே, எட்டு எங்கே? மிஞ்சும் வட்டி 13 இலட்சத்துக்கு மேல். துன்பகாலத்திற் கற்ற சிக்கனத்தை இன்பகாலத்திலும் விடாதிருத்தல் புதிதாய்ச் சிக்கனம் பிடிப்பதினும் எளிது என்பதை அப் பெண்மணி எம் இருவர்க்கும் முன்னரே கண்டுகொண்டார்.

ஆயினும் உடனே அவ்வாறு செய்யவில்லை. முதல் ஆறு மாதம் அப் பத்தாயிரத்தால் அடைவிலிருந்த காப்புக்களை மீட்டனர். அடைவின் வட்டி வீட்டுக்கடன் வட்டியினுங் கூடியதாதலின் அதுவே முறை. அடுத்து, மூன்று மாதத் தவணைக்கும் உணவுக்கும் போதிய தொகையைச் சேமிப்பில் இட்டனர். அதன் பின்னரே முதலுக்குக் கூட்டிக் கட்டத் தொடங்கினர். இத் தாமதத்தால் எட்டாண்டு இன்னுஞ் சிறிது நீளும், நீளட்டும்.

செய்முறையில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டிக் கட்டிய பணத்தை வங்கி, வருமாதத் தவணையின் முற்பணமாக வரவு வைத்துவிடக்கூடும். அவ்வாறாயின் முதல் குறையாது, வட்டியுங் குறையாது. எனவே, 'இத் தொகையை முதலிற் கழிக்க. தவணையைக் குறைக்காது காலத்தைக் குறைக்க' என எழுத்தில் கொடுத்து, அடுத்த கூற்றில் நிலுவையைச் சரிபார்த்தல் வேண்டும். முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கிகள் கட்டணம் அறவிடுவதும் உண்டு; அது ஈட்டு உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். உறுதியைக் கையொப்பமிடும் நாளிற் படிப்போர் அரியர். நொத்தாரிசு விரலால் காட்டிய இடத்தில் யாமுங் கையொப்பமிட்டவரே. அரசு வட்டியிற் பங்கேற்கும் சொத்துக்கடனைப் பெற்ற எம்போன்ற ஆசிரியர்க்கு, கூட்டிக் கட்டுவதினும் சேமிப்பில் இடுதல் சிலபோது இலாபமாகலாம்; இரு வீதங்களையும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். இம் மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வங்கி முகாமையாளர் பலர் உளர். எம் கணக்கிற் பிழை காணின் எம்மைப் பொறுத்து, எழுதித் திருத்துவாராக.

கணக்கப்பிள்ளையின் மூத்த மகள் 2019இற் பிறந்தவள். கடன் முடியும்போது அவளுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதாயிருக்கும். சென்ற முறை வந்தபோது அவர் மனைவி கையிற் காப்பு இரண்டும் இருந்தன. திண்ணையில் இருந்து அவர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவி எம் வீட்டாரிடம், வீட்டின் தென்புறத்திற் கிடக்கும் ஆறு பேர்ச் காணியிலே மகளுக்கென்று எந்த ஆண்டு அத்திவாரம் போடலாமென்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.